கடைசி பில் எண்

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அந்த போன் வந்தது.

"தம்பி, சிஸ்டம் நல்லா இருக்கு. முன்னைக்கு இப்ப வேகமாத்தான் ஓடுது" என்று ஆரம்பித்தார் மில்லின் கணக்குப் பிரிவு அக்கா. பாராட்டில் தொடங்கும் போன்களை நான் நம்புவதில்லை. "ஆனா ஒண்ணு தம்பி. போன ஆவணிக்கு அப்புறம் ஒரு பில்லையும் காணோம். ஏப்ரல்ல புது வருசக் கணக்கு தொறந்தோம்ல, அதுவும் இல்ல. கேட்ல நூல் லாரி நிக்குது. என்ன செய்ய?"

2024 மே மாதம் அது. சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடித்தேனா, கீழே வைத்தேனா என்று இப்போதும் ஞாபகமில்லை. ஒன்பது மாதக் கணக்கு. நூறுக்கு மேல் தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல், பி.எஃப். பிடித்தம், பஞ்சு வாங்கிய பாக்கி, நூல் விற்ற வரவு. எல்லாமே அந்த ஒரு கணினிக்குள் இருந்தன. சனிக்கிழமை இரவு அதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிமாற்றியவன் நான்.

*

இதைத் தொழிலாகச் செய்யாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். மதுரை, திண்டுக்கல் பக்கம் வளவு என்று சொல்வோம். ஒரே வாசல், ஒரே கிணறு, முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடித்தனங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு, தனி சண்டை. மெய்நிகர் கணினி என்பதும் அப்படித்தான். சர்வர் என்ற ஒரே இரும்புப் பெட்டிக்குள் நான்கைந்து கணினிகள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் தான் தனிவீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மின்சாரம், தண்ணீர் எல்லாம் பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

யோசனை பழையது. 1960களில் ஐபிஎம்மின் பெரிய கணினிகளிலேயே இது இருந்தது. சாதாரணக் கணினிகளுக்கு இதைக் கொண்டுவந்து பரவலாக்கிய நிறுவனங்களில் முக்கியமானது 1998இல் தொடங்கிய விஎம்வேர். ஒவ்வொரு வீட்டுக்காரரும் குடித்தனக்காரரின் ஹார்டு டிஸ்க்கை ஒரு கோப்பாகத்தான் வைத்திருக்கிறார். சி டிரைவ், அதில் உள்ள விண்டோஸ், அதில் உள்ள கணக்கு, எல்லாம் சேர்ந்து வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கோப்பு. விஎம்வேரில் அது விஎம்டிகே. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் விஹெச்டி, 2012 சர்வர் பதிப்புக்குப் பிறகு விஹெச்டிஎக்ஸ். விர்ச்சுவல்பாக்ஸில் விடிஐ. லினக்ஸின் கேவிஎம் பக்கம் போனால் க்யூகவ்2.

இந்தப் பெயர்களுக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. விஹெச்டி கோப்பு எதையாவது திறந்து அதன் கடைசி 512 பைட்டுகளைப் பார்த்தால், அதன் தொடக்கத்தில் 'கனெக்டிக்ஸ்' என்று எழுதியிருக்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய கம்பெனியின் பெயர் அது. கம்பெனிப் பெயரில் இரண்டு 'என்'. கோப்பில் எட்டு எழுத்துக்குத்தான் இடம் என்பதால் ஒரு 'என்'தான் இருக்கும். 2003இல் அவர்களுடைய மென்பொருளை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஆனாலும் உலகத்தில் எங்கே ஒரு விஹெச்டி உருவானாலும் அதன் வாலில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. பழைய வீடுகளின் நிலைப்படியில், யாரென்றே தெரியாத ஒருவரின் இனிஷியல் செதுக்கியிருக்குமே, அதுபோல.

விஎம்வேரை பிராட்காம் வாங்கிய வேலை 2023 நவம்பர் 22 அன்று முடிந்தது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தாவுக்கு மாறியது. இலவசமாகக் கிடைத்துவந்த இஎஸ்எக்ஸ்ஐ பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, பிறகு 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் உலகம் முழுக்க ஒரு பெரிய குடிமாற்றம் நடந்தது. வியன்னாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற திறமூலத் தளம், இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாகக் கணினிகளை இழுத்துக்கொள்ளும் வசதியை 2024 மார்ச்சில் அறிமுகம் செய்தது. வேடசந்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் நூல் மில்லில் காரணம் இன்னும் எளிமையானது. சர்வருக்குப் பத்து வயது. மின்விசிறி அரவை மில் மாதிரிக் கத்தியது. முதலாளி புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து, "தம்பி, எது செலவு கம்மியோ அதுல போடுங்க" என்றார். ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டேன்.

*

இந்த வேலைக்கு வருகிற யாரும் முதலில் பயப்படுவது வடிவத்துக்குத்தான். அந்தக் கோப்பு இங்கே திறக்குமா? எங்கள் மாவட்டத்துப் பூட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் திரும்பாது என்பதுதான் அதன் பெருமையே. டிஸ்க் வடிவங்களையும் அப்படித்தான் ஆரம்பத்தில் நினைத்தேன். உண்மையில் அவை பூட்டு இல்லை. விஎம்டிகேயின் விவரக்குறிப்பை விஎம்வேரே வெளியிட்டது. விஹெச்டியுடையதை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் தொடங்கிய க்யூஎமு திட்டத்தில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரே வரிக் கட்டளையில் ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றித் தரும். 200 ஜிபி டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தால் அந்தப் பாதியை எழுதாமல் விட்டுவிடும் அளவுக்குச் சமர்த்து.

இஎஸ்எக்ஸ்ஐயில் விஎம்டிகே என்பது இரண்டு கோப்பு. ஒன்று சில வரிகள் மட்டுமே உள்ள சாதாரண எழுத்துக் கோப்பு. டிஸ்க் எவ்வளவு பெரியது, எந்த வகைக் கன்ட்ரோலரில் மாட்டப்பட்டது என்ற ஜாதகம். இன்னொன்று, பெயரில் 'ஃப்ளாட்' என்று வரும் பெரிய கோப்பு. அதில் எந்த ரகசியமும் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் இருப்பது வரிசையாக அப்படியே இருக்கும்.

அப்படியானால் கஷ்டம் எங்கே? கணினி தான் இருந்த இடத்தைப் பற்றி மனதில் வைத்திருக்கும் ஞாபகங்களில்.

விண்டோஸ் எழுந்திருக்கும்போது தன் டிஸ்க்கைத் தேடும். பழைய வீட்டில் அது எல்எஸ்ஐ என்ற கன்ட்ரோலரின் வழியாகக் கிடைத்தது. புது வீட்டில் விர்ட்ஐஓ. அதற்கான டிரைவர் விண்டோஸிடம் இல்லை. டிஸ்க் எதிரிலேயே இருக்கும், ஆனால் அதற்குத் தெரியாது. நீலத்திரை வரும். 'துவக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை' என்று சொல்லிவிட்டு மறுபடி மறுபடி எழுந்து விழும். சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு எனக்கு வந்ததும் அதுதான்.

இதற்கு வைத்தியம் உண்டு. முதலில் டிஸ்க்கை எல்லா விண்டோஸுக்கும் தெரிந்த சாட்டா கன்ட்ரோலரில் மாட்ட வேண்டும். கூடவே ஒரு ஜிபியில் வெறும் டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவில் மாட்ட வேண்டும். விண்டோஸ் எழுந்து, "இது யாரு புதுசா?" என்று அந்த வெறும் டிஸ்க்கைப் பார்க்கும்போது டிரைவரைக் கொடுத்துவிடலாம். பழக்கமான பிறகு நிறுத்தி, உண்மையான டிஸ்க்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம். ஊருக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் தூரத்துச் சொந்தம் ஒருவரை அறிமுகம் செய்வதுபோல. பழைய கணினி பயாஸ் முறையில் எழுந்ததா, யுஇஎஃப்ஐ முறையிலா என்பதையும் அப்படியே பொருத்த வேண்டும். மாறினால் டிஸ்க் நன்றாக இருந்தும் எழாது.

பிறகு நெட்வொர்க். புது அட்டைக்குப் பழைய ஐபி முகவரியைக் கொடுத்தால், அது ஏற்கெனவே இன்னொரு அட்டைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் மறுக்கும். அந்த இன்னொரு அட்டை இப்போது இல்லாத, பழைய வீட்டிலேயே விட்டுவந்த அட்டை. இல்லாதவருக்கு எடுத்துவைத்த இலை. மில்லின் லினக்ஸ் கணினியில் இதே கதை வேறு விதமாக வந்தது. 'இஎன்எஸ்192' என்று இருந்த அட்டை 'இஎன்எஸ்18' என்று எழுந்து நின்றது.

எல்லாவற்றையும் முடித்தபோது மணி இரண்டரை. நான்கு கணினிகளும் எழுந்திருந்தன. கணக்கு மென்பொருளின் முகப்புத் திரை வந்தது. கடவுச்சொல் கேட்டது. எனக்கு அதன் கடவுச்சொல் தெரியாது. தெரியவேண்டியதில்லை என்று நினைத்தேன். நீலத்திரையை ஜெயித்த சந்தோஷத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பும் முன் பழைய சர்வரின் கோப்புறையைக் கண்ணால் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகலெடுக்க நான் எழுதியிருந்த ஸ்கிரிப்ட், பெயரை வைத்து ஜாதகக் கோப்பையும் ஃப்ளாட் கோப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்ற மூன்று கணினிகளில் அவை மட்டும்தான் இருந்தன. கணக்குக் கணினியின் கோப்புறையில் மட்டும் பெயரோடு '000001' என்று சேர்ந்து வேறு இரண்டு கோப்புகளும் இருந்தன. ஏதோ பழைய மிச்சம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பழைய சர்வரைத் துடைத்துவிட்டு, இதிலும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, மாற்று இயந்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

*

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அன்றைக்குத்தான் அப்பாவின் தறியைப் பிரித்தோம்.

சின்னாளப்பட்டி என்றால் பலருக்குச் சேலை ஞாபகம் வரும். சுங்குடியும், பட்டு வாங்க முடியாதவர்கள் கல்யாணத்துக்கு வாங்கிய செயற்கைப்பட்டும். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் தறிச் சத்தம் இல்லாத வீடு இல்லை. இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. குழியில் இறங்கினால் ஏறுவதற்கு அம்மா கை கொடுக்க வேண்டும். தெற்குத் தெருவில் இருக்கும் சித்தப்பா தறியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா ஒரு மாதமாக இழுத்து இழுத்துக் கடைசிப் பாவை முடித்தார்.

நானும் சித்தப்பா மகனும் கட்டைகளைக் கழற்றினோம். படமரம், பண்ணை, விழுது என்று ஒவ்வொன்றாக அப்பா சொல்லச் சொல்ல எடுத்து வைத்தோம். கடைசிச் சேலையை அறுத்து எடுத்த பிறகும் பண்ணையிலும் விழுதிலும் ஒரு முழ நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தமாக இருக்கட்டுமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஏய், ஏய்! என்ன செய்யப் போற?" அப்பா திண்ணையிலிருந்தே கத்தினார்.

"மிச்ச நூல்தானப்பா."

"அது மிச்சமாடா? அந்த நுனி இருந்தாத்தான் புதுப் பாவ இழைக்கு இழை முடிச்சுப் போட்டு உள்ள இழுக்க முடியும். அத வெட்டிட்டா ஒவ்வொரு இழையா மறுபடி விழுதுல கோத்து, பண்ணையில கோத்து... உங்க சித்தப்பன் ஒரு வாரம் உக்காரணும்."

நூலோடு அப்படியே சுருட்டி, பழைய வேட்டியில் பொதிந்து கொண்டுபோனோம். மாலை வரை சித்தப்பா வீட்டில் குழியை வெட்டிச் சரிசெய்துகொண்டிருந்தோம். இரவு உடம்பு வலியில் அப்படியே தூங்கிவிட்டேன். மில்லுக்குப் போகவில்லை. பழைய சர்வரைத் துடைக்கவில்லை.

*

அக்கா போன் செய்தபோது 'போன ஆவணி' என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் கணக்கு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு போட்டோம். போடுவதற்கு முன்பு, ஏதாவது கெட்டுப்போனால் திரும்பி வரலாம் என்று ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். ஒன்றும் கெடவில்லை. ஸ்னாப்ஷாட்டை நீக்க மறந்துவிட்டேன்.

ஸ்னாப்ஷாட் என்பதைப் பலர் நகல் என்று நினைக்கிறார்கள். அது நகல் இல்லை. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் பழைய டிஸ்க் உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படாது. புதிதாக நடப்பதெல்லாம் பக்கத்தில் திறந்த ஒரு துணைக் கோப்பில் போகும். அதுதான் அந்த 000001. கணினி படிக்கும்போது முதலில் துணைக் கோப்பில் தேடும், இல்லையென்றால் மூலத்துக்குப் போகும். இரண்டும் சேர்ந்தால்தான் இன்றைய கணினி. மூலத்தை மட்டும் எடுத்தால், உறைந்த அன்றைய கணினி குறையே இல்லாமல் எழுந்து நிற்கும். பிழைச் செய்தி வராது. ஏனென்றால் அதில் பிழையே இல்லை. அதற்கு அது இன்னும் ஆவணி மாதம்.

நான் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜாதகக் கோப்பில் 'பேரன்ட்சிஐடி' என்று ஒரு வரி உண்டு. மூல டிஸ்க்கில் அது எட்டு 'எஃப்'களாக இருக்கும். பெற்றோர் இல்லை என்று பொருள். 000001இன் ஜாதகத்தில் அந்த இடத்தில் மூலத்தின் எண் இருக்கும். இன்னாருக்குப் பிறந்தவன் என்று அதுவே சொல்கிறது. நான்தான் கேட்கவில்லை.

தினசரி பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தினமும் இரவு ஏழு மணிக்குக் கணக்கு மென்பொருள் தன்னை டி டிரைவில் நகலெடுத்துக்கொள்ளும். அந்த டி டிரைவ் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதி. ஒன்பது மாத பேக்கப்பும் அந்த 000001க்குள்தான் இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நானே.

சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் வழியாக மில்லுக்குப் போய்ச் சேர்ந்த வழி எதுவும் மனதில் இல்லை. நேற்று மட்டும் நான் சொன்னபடி வந்திருந்தால் என்ற ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் போனபோது லாரி கிளம்பியிருந்தது. அக்கா அலமாரியிலிருந்து பில் ஃபைலை எடுத்து, சனிக்கிழமை அச்சடித்த கடைசி பில்லின் எண்ணைப் பார்த்து, அடுத்த எண்ணைக் கையால் எழுதி, இ-வே பில்லை அரசாங்கத் தளத்திலேயே நேரடியாகப் போட்டு அனுப்பிவிட்டார். "பேப்பர் இருக்குல்ல தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முதலாளி அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "கெடச்சுருமாப்பா?" என்று மட்டும் கேட்டார். "கெடச்சுரும் சார்" என்றேன். அதை நம்பிச் சொன்னேன் என்று சொல்ல முடியாது.

பழைய சர்வரை எழுப்பினேன். முதலில் அந்தக் கோப்புறை முழுவதையும், இந்த முறை எதையும் விடாமல், வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அதற்கே மதியம் ஆகிவிட்டது. பிறகு ஸ்னாப்ஷாட் மேலாளரைத் திறந்தேன். நான் அழுத்த வேண்டிய பொத்தானின் பெயர் 'டிலீட் ஆல்'. எல்லாவற்றையும் அழி. உண்மையில் அது எதையும் அழிப்பதில்லை. துணைக் கோப்பில் இருப்பதையெல்லாம் மூலத்தில் எழுதிச் சேர்த்துவிட்டு, பிறகு துணைக் கோப்பை நீக்குகிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் விரல் நின்றது. இந்தப் பெயரைப் பார்த்துப் பயந்துதான் எத்தனையோ அலுவலகங்களில் ஸ்னாப்ஷாட்டுகள் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. நான் மறந்தேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பயமும் இருந்திருக்கலாம்.

அழுத்தினேன். சதவீதம் ஏற ஏற அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்ததும் கோப்புறையில் இரண்டே கோப்புகள் இருந்தன. மறுபடி நகல், மறுபடி ஒரு வரிக் கட்டளை, மறுபடி சாட்டா, வெறும் டிஸ்க், விர்ட்ஐஓ. சாயங்காலம் ஐந்தரைக்கு முகப்புத் திரை வந்தது.

இந்த முறை நான் எழுந்து நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் கடவுச்சொல்லை அடித்தார். ஃபைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி பில்லைத் திறந்தார். சனிக்கிழமை தேதி. அதே எண். அதே பார்ட்டி. அதே தொகை.

"வந்துருச்சு தம்பி" என்றார். வெளியே போய் ஒரு டீ சொல்லிவிட்டு வந்தார்.

*

இந்த அனுபவத்தை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு மாற்றினாய் என்றுதான் கேட்கிறார்கள். வடிவங்களை இணைக்க உலகம் முயன்றுகொண்டேதான் இருக்கிறது. 2007இல் விஎம்வேர், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் போன்றவர்கள் சேர்ந்தே ஓவிஎஃப் என்ற பொதுத் தரத்தை முன்மொழிந்தார்கள். அது பெட்டிகட்டும் முறையை ஒழுங்கு செய்தது. பெட்டிக்குள் எதை வைக்க மறந்தோம் என்பதை எந்தத் தரமும் சொல்லாது. வடிவம் பொருந்தாவிட்டால் கணினி உடனே கத்திவிடும். நீலத்திரை ஒரு வகையில் நேர்மையானது. எனக்கு ஆபத்து வந்தது எல்லாம் பொருந்தி, அமைதியாக எழுந்து நின்ற கணினியிடமிருந்து.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஹைப்பர்வைசர், ஸ்னாப்ஷாட் எதுவும் சொல்லவில்லை. ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு போனேன், பழைய பாதியை மட்டும் எடுத்துப்போய்விட்டேன், புதுசு அங்கேயே கிடந்தது என்றேன். அவர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே, "மிச்சம்னு நெனச்சிருப்ப" என்றார்.

நேற்று நான் துடைக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போது எந்த இடத்தில் கணினி மாற்றப் போனாலும் என் நோட்டில் முதல் வரி ஒன்றுதான். அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் கடைசி பில் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது. மாற்றி முடித்ததும் அவரையே உட்காரவைத்து அதைத் திறக்கச் சொல்வது. பழைய இயந்திரத்தைத் துடைப்பதற்கு ஒரு மாதம் தவணை. ஸ்கிரிப்டிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கோப்புறையில் தெரியாத கோப்பு ஒன்று இருந்தாலும் நின்றுவிடும்.

சித்தப்பா அந்த நுனியில் புதுப் பாவை முடிந்து தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். குழி நாலு விரல் ஆழம் பத்தவில்லை, மிதி தட்டுகிறது என்று இரண்டு முறை வெட்டினார். அப்பா தினமும் சாயங்காலம் மெதுவாக நடந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார். எங்கள் வீட்டில் குழி அப்படியே இருக்கிறது. மண் போட்டு மூடிவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்பா இன்னும் சரி சொல்லவில்லை. இப்போதைக்கு ஒரு பலகை போட்டு மூடியிருக்கிறோம்.